பழம் முடிந்த தோட்டத்தில் என்ன வேலை?

பினாங்கு, பாலேக் பூலாவ் மலைச்சரிவில் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம். டுரியான், ரம்புத்தான், ஜாதிக்காய், வீட்டோரம் கொஞ்சம் காய்கறி. ஆகஸ்டு கடைசி, டுரியானுக்குக் கட்டிய வலைகளைச் சுருட்டியாயிற்று. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, டுரியான் முடிந்துவிட்டது. அடுத்த பூ வரும்வரை மரத்தைச் சும்மா விடலாமா?

விடாதீர்கள் தம்பி. காய்த்து ஓய்ந்த மரம் பிள்ளை பெற்ற பச்சை உடம்பு மாதிரி. இப்போதுதான் அதைக் கவனிக்க வேண்டும். முதலில் காய்ந்த கிளைகளையும், உள்ளே நேராகக் கிளம்பும் போத்துகளையும் கழியுங்கள். காற்றும் வெயிலும் உள்ளே போகட்டும். செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன்னால் எருவைப் போட்டுவிடுங்கள். கிளை நிழல் முடிகிற வட்டத்தில் போடுங்கள், தண்டில் ஒட்டவே கூடாது. நான் ஒரு வருஷம் கோழி எருவை அடிமரத்தில் குவித்தேன். அந்த ஈரத்தில் பட்டை அழுகி, அப்பா நட்ட மரம் ஒன்று போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. தண்டில் செம்பழுப்பாக நீர் கசிந்தால் அது பைட்டோப்தோரா என்ற அழுகல் நோயாக இருக்கலாம். அழுகிய பட்டையைச் சுரண்டி எடுத்து உடனே மருந்து பூசுங்கள், தண்ணீர் தேங்காமல் வாய்க்காலும் வெட்டுங்கள்.

பூக்கும் மாதத்தில் வௌவால் வந்து பூவையெல்லாம் கொட்டிவிடுகிறது. பட்டாசு போட்டு விரட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம் ஐயா. டுரியான் பூ சாயங்காலம் விரியும், இரவில் மகரந்தம் உதிர்க்கும். அந்த நேரத்தில் குகைகளிலிருந்து வெகுதூரம் பறந்து வந்து தேன் குடிக்கும் சின்ன வௌவால்தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. பல டுரியான் வகைகளுக்கு வேறு மரத்து மகரந்தம் கிடைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். விடிந்ததும் தரையில் கிடப்பவை பெரும்பாலும் இதழும் மகரந்தத் தாள்களும். அவை தானாக உதிர்பவை. மேலே சூலகம் பத்திரமாக இருக்கும், அண்ணாந்து பாருங்கள். அப்புறம், ஒரே வகையை மட்டும் நடாமல் இரண்டு மூன்று வகை கலந்து நடுங்கள்.

ரம்புத்தானைப் பச்சையாகப் பறித்து வைத்தால் பழுக்குமா?

பழுக்காது. சிவந்த பிறகு குலைக்காம்போடு வெட்டுங்கள். அந்த வெட்டிலிருந்து புதுத் தளிர் வரும்.

ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் இருக்கிறோம், அண்ணா. தொட்டியில் வைத்த பாகற்காய் பிஞ்சிலேயே கோணி மஞ்சளாகிறது.

பழ ஈ குத்தியிருக்கும் அக்கா. ஒரு காயை வெட்டிப் பாருங்கள், உள்ளே புழு நெளியும். பிஞ்சு விரல் நீளம் வந்ததுமே நாளிதழைக் கூம்பாகச் சுருட்டி மாட்டிவிடுங்கள். புழு விழுந்த காயைத் தொட்டி மண்ணில் புதைக்காதீர்கள், மறுபடி ஈயாகக் கிளம்பும். கறுப்புப் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போடுங்கள்.

ஜாதிக்காய் மரம் நிறையப் பூக்கிறது. ஒரு காய்கூட இல்லை. வெட்டிவிடலாமா?

பொறுங்கள். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் முளைத்த கன்று பூக்கும்வரை எது என்று தெரியாது, அதற்கே ஆறேழு வருஷம் ஆகிவிடும். ஒரு பூவைப் பிளந்து பாருங்கள். உள்ளே சூலகம் இல்லையென்றால் ஆண். அப்போதும் வெட்ட வேண்டாம். சுற்றியுள்ள பெண் மரங்களுக்கு அதன் மகரந்தம் வேண்டும். இடம் குறைவு என்றால் அதன் கிளைகளிலேயே பெண் மரத்து ஒட்டுக் கட்டலாம், ஒன்றிரண்டு ஆண் கிளைகளை மட்டும் விட்டுவைத்து.