பூனைக்கு என்ன சாப்பாடு போடலாம்?

கேள்வி: எங்க வீட்டு கடுவன் பூனைக்கு ஒன்றரை வயசு. பால்சோறு, கருவாடு தான் போடுறோம். கடையில விக்கிற பாக்கெட் உணவுக்கு மாத்தணும்னு பொண்ணு அடம்பிடிக்கிறா, எத பாத்து வாங்குறது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்க பொண்ணு சொல்றது சரிதாங்க. பூனை சுத்த அசைவம், டாரின்னு ஒரு சத்து அதுக்கு கறி மீன்லருந்து தான் கிடைச்சாகணும், அது குறைஞ்சா கண்ணும் இதயமும் கெட்டுப்போகும்னு 1980கள்லயே தெளிவா தெரிஞ்சுபோச்சு, சோத்துல அது சுத்தமா கிடையாது. வளர்ந்த பூனைங்க நிறையத்துக்கு பாலும் ஒத்துக்காது, வயித்தால போகும். கருவாட்டுல உப்பு ஜாஸ்தி, அத நிறுத்திடுங்க.

பாக்கெட்டோட முன்பக்க படத்த நம்பாதீங்க, திருப்பி பொருள் பட்டியல பாருங்க, முதல்ல கோழியோ மீனோ இருக்கணும், மக்காச்சோளம் கோதுமைன்னு ஆரம்பிச்சா வெச்சிட்டு வந்துடுங்க. முழுமையான உணவுன்னு போட்டிருக்கான்னும் பாருங்க, சிலது வெறும் நொறுக்குத்தீனி தான். நாய் உணவு மலிவுன்னு வாங்கவே கூடாது.

உலர் உணவுல ஈரம் 10 சதவீதம் தான் இருக்கும், ஈர உணவுல 75க்கு மேல. கடுவனுக்கு மூத்திரம் அடைக்கிற தொந்தரவு வரும்ங்கறதால நான் ஒரு வேளையாவது ஈர உணவு போடச் சொல்வேன். விலை கட்டுப்படி ஆகலன்னா உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேக்காம வேகவெச்ச கோழிய எலும்பெடுத்து, உலர் உணவோட கொஞ்சமா குடுங்க. பழசோட கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மெதுவா மாத்துங்க. முக்கி முக்கி உக்காந்தும் மூத்திரம் வரலன்னா அன்னிக்கே டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடணும்.