குறைவாக ஓடிய ஸ்கூட்டரை வாங்கலாமா? பல வருடம் கழித்து ஓட்டுபவருக்கு

கேள்வி: கியர் பைக் ஓட்டிப் பழகியவன். பத்து வருடத்துக்கு மேல் வண்டியைத் தொடவில்லை. இப்போது வயது 53. தெரிந்தவர் ஒருவரின் ஸ்கூட்டர் விலைக்கு வருகிறது. வாங்கி ஐந்து வருடம். ஓடியது 4,100 கி.மீ. மட்டுமே. "புது வண்டி மாதிரிதான்" என்கிறார்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? மறுபடி எப்படிப் பழக வேண்டும்?

பதில்: ஐந்து வருடத்தில் 4,100 கி.மீ. என்றால் மாதத்துக்கு எழுபது கி.மீ.கூட இல்லை. வண்டி பெரும்பாலும் நின்றே இருந்திருக்கிறது. எஞ்சினுக்குள் தேய்மானம் குறைவாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் டயர், பேட்டரி, பிரேக் ஆயில், டேங்கில் கிடக்கும் பெட்ரோல் இவற்றுக்கு வயதாவது ஓட்டத்தால் அல்ல, காலத்தால். ஆகவே குறைந்த கி.மீ.க்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நின்றதால் கெட்டுப்போனவற்றை மாற்றும் செலவைக் கணக்கிட்டு, அதைக் கழித்துப் பேசுங்கள்.

முதலில் அந்த 4,100 உண்மைதானா என்று பாருங்கள். கைப்பிடி ரப்பரின் வரிகள், கால் வைக்கும் மேட், சாவித் துவாரத்தைச் சுற்றிய கீறல், சீட்டின் தையல் எல்லாம் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் தட்டின் விளிம்பை விரலால் தடவுங்கள். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியில் விளிம்பு மேடாகத் தட்டுப்படக் கூடாது. சர்வீஸ் ரசீதுகளில் எழுதியிருக்கும் கி.மீ. வரிசையாக ஏறுகிறதா என்பது இவை எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி.

டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2320 என்றால் 2020-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டியோடு வந்த டயர்தான் இன்னும் இருக்கிறது என்றால் பட்டன்கள் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டையும் மாற்ற வேண்டும். மாறாக, டயர் புதிதாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

வண்டியை எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங்கில் ஏதோ தொல்லை இருக்கலாம். வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 அளவில் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் வெகுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி. மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பும் என்று நம்ப முடியாது. எஞ்சின் ஓடும்போது, ஆக்சிலேட்டரைச் சற்றுக் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் பழுது சார்ஜிங் பக்கம்.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவி சில நிமிடங்களில் மறைந்தால் கவலையில்லை, உள்ளே தங்கிய ஈரம் அது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; இந்த கி.மீ.யில் அது வரவே கூடாது. கார்புரேட்டர் வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் நின்றுபோனால், பழைய பெட்ரோல் பிசின்போலக் காய்ந்து, ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டை அடைத்திருக்கிறது. இது பெரிய கோளாறு இல்லை, கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம்!

டிஸ்க் பிரேக் லீவரை அழுத்தினால் கெட்டியாக நிற்க வேண்டும். பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அந்த ஈரம், பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பர் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும். வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. ஆயில் கிண்ணத்தின் கண்ணாடி வழியே காப்பி நிறத்தில் தெரிந்தால் வெகுநாளாக யாரும் மாற்றவில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கம் அழுத்த, தூக்கிய முன்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இலேசான உரசல் சத்தம் பரவாயில்லை. பிடித்துப் பிடித்துச் சுற்றினால் பிஸ்டன் இறுகியிருக்கும், அல்லது டிஸ்க் வளைந்திருக்கும்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோலத் தங்கினால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. விழுந்த வண்டியா என்பதை லீவர் நுனி, கண்ணாடித் தண்டு, கால்தட்டின் அடி விளிம்பு, சைலன்சர் கவர் ஆகியவற்றின் சிராய்ப்பு சொல்லும். பெயின்ட் அடித்த பேனலைவிட இந்த இடங்களை மறைப்பது கடினம். நேராகப் போகும்போது ஹேண்டில்பார் கோணலாக நின்றால் அந்த வண்டி வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது, எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைக் கவனியுங்கள். ஆக்சிலேட்டர் திருகியதும் சத்தம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் பெல்ட்டோ, லீவர் இல்லாமல் தானே இயங்கும் கிளட்சோ வழுக்குகிறது. கிளம்பும்போது உதறினால் பெரும்பாலும் கிளட்ச் ஷூ பளபளப்பாகியிருக்கும். பெல்ட்டும் ரப்பர்தான், இடப்பக்க மூடியைத் திறந்து வெடிப்பு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

எஞ்சினிலும் சேசிஸிலும் (வண்டியின் சட்டம்) பொறித்திருக்கும் நம்பர்களை நீங்களே குனிந்து படித்துப் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இல்லை என்பதற்குக் காகிதம் கேளுங்கள். பெயர் மாற்றமும் காப்பீடும் முடியாமல் சாலையில் இறங்க வேண்டாம்.

வாங்கியதும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். பின்சக்கரத்தோடு இருக்கும் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு. பெரும்பாலான சிறிய ஸ்கூட்டர்களில் சுமார் 100 மி.லி. சர்வீஸில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

இனி ஓட்டும் விஷயம். கியர் பைக் பழகிய கைக்கு ஸ்கூட்டரில் ஒரு தனி ஆபத்து உண்டு. பைக்கில் இடக்கை லீவர் கிளட்ச். மெதுவாகத் திரும்பும்போதும் பதறும்போதும் அதை முழுதாகப் பிடித்தே பழகியிருப்பீர்கள். ஸ்கூட்டரில் அதே லீவர் பின்பிரேக். வளைவில் பழைய ஞாபகத்தில் இறுக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாயும். வலக்காலோ இல்லாத பிரேக் பெடலைத் தேடும். வருடங்கள் போனாலும் கை இதை மறக்காது. அதனால் முதல் பயிற்சி பிரேக்காகவே இருக்கட்டும்.

காலியான, மணல் இல்லாத தரையில் ஒரு கோடு போடுங்கள். 20 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் தொடங்கி, இரு லீவர்களையும் சேர்த்து முதலில் மெல்ல அழுத்துங்கள். முன்பக்கம் சற்றுத் தாழ்ந்ததும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். எடை முன்சக்கரத்துக்கு வந்த பிறகுதான் அது முழுப் பிடிப்போடு நிறுத்தும். ஒரேயடியாகப் பிடித்தால் வழுக்கும். பத்துப் பதினைந்து முறை சரியாக வந்த பிறகு 30, பின் 40. இடது லீவரே இரு சக்கரத்தையும் பிடிக்கும் வகை வண்டி என்றாலும் வலது லீவரையும் சேர்த்தே பழகுங்கள். மணிக்கட்டு உயர்ந்திருந்தால் பிரேக்குக்கு விரல் நீட்டும்போது ஆக்சிலேட்டரும் சேர்ந்து திரும்பும். மணிக்கட்டைத் தாழ்த்திப் பிடியுங்கள்.

50 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடக்கிறீர்கள். சுதாரிக்க ஒரு நொடி, பிறகு நல்ல பிரேக்கிங் என்றாலும் மொத்தம் 30 மீட்டர் ஆகிவிடும். பழகும்வரை 40-ஐத் தாண்டாதீர்கள்.

மெதுவாகத் திரும்ப, ஆக்சிலேட்டரை இலேசாகக் கொடுத்தபடியே பின்பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது; போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். இதே முறையில் எட்டுப் போட வந்துவிட்டால் நெரிசலுக்கு முக்கால்வாசி தயார்.

எஞ்சின் ஓடும்போது வண்டியிலிருந்து இறங்கித் தள்ளாதீர்கள். கைப்பிடியை இறுகப் பிடித்தாலே ஆக்சிலேட்டர் திரும்பி வண்டி பாய்ந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் போடும்போது கையால் தூக்க வேண்டாம். ஸ்டாண்டின் கட்டையில் உடல் எடையை இறக்கினால் வண்டி தானே ஏறும். 53 வயதில் இடுப்பைக் காப்பாற்ற இது தெரிந்திருப்பது நல்லது.

பழைய ஹெல்மெட் வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு தளர்ந்திருக்கும், பட்டையும் பலமிழந்திருக்கும். புதிதை அணிந்து தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அளவு பெரிது.

முதல் சில வாரம் பகலில், தெரிந்த வழியில், தனியாக ஓட்டுங்கள். இரவும் மழையும் அதன்பிறகு. பின்னால் ஆள் ஏற்றுவது கடைசி: எடை பின்னுக்குப் போவதால் முன்பக்கம் இலேசாகும், நிறுத்தத் தூரம் கூடும், பின்டயருக்குக் காற்றும் அதிகம் வேண்டும். எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனியாளுக்கும் இருவருக்கும் தனித்தனியாகவே அச்சிட்டிருக்கும்.