புது பெயின்ட்டுக்குப் பின்னால் பூஞ்சை: விற்றவரிடம் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தை ஒட்டி, தாராசுரம் பக்கத்தில் ஐம்பது வருஷத்துப் பழைய வீடு ஒன்றைக் கடந்த வைகாசியில் என் பெயரில் கிரயம் செய்தேன். விலை 34 லட்சம். பங்குனியில் பார்க்கப் போனபோது சுவரெல்லாம் புது பெயின்ட். பின்கட்டு அறையில் மட்டும் நெஞ்சு உயரத்துக்கு பி.வி.சி. பலகை அடித்திருந்தது. "அழகுக்குப் போட்டது" என்றார் விற்றவர். ஐப்பசி மழை பிடித்ததும் அங்கிருந்து ஒரே முடை நாற்றம். கழற்றினால் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. எட்டு வயது மகனுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "அந்தச் சுவர் எப்பவுமே அப்படித்தானே" என்கிறார். விற்றவரோ, "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று போனை வைத்துவிட்டார். பத்திரத்திலும் "நேரில் பார்த்துத் திருப்தியடைந்து" என்று ஒரு வரி இருக்கிறது. சென்னை நிறுவனம் ஒன்று வீட்டுக் காற்றைச் சோதித்து அறிக்கை தர 28,000 ரூபாய் கேட்கிறது. சோதனை செய்யவா? வழக்குப் போட்டால் பணம் கிடைக்குமா? போலீஸுக்குப் போகலாமா? (வாசகி, பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, முதலில் பையனை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். வழக்குக்காக எதையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நினைத்து அவனை அங்கே படுக்க வைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டில் ஓதமும் பூஞ்சையும் இருப்பதைச் சொல்லுங்கள். அவர் சீட்டில் அதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

அடுத்து, அந்த 28,000 ரூபாயை இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம். பூஞ்சை கண்ணுக்கே தெரியும்போது பெரும்பாலும் மாதிரி எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை என்பதுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. வீட்டுக் காற்றில் பூஞ்சை வித்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று அவர்கள் வரம்பு எதுவும் வைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஓதம், பூஞ்சை பற்றித் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓதத்தையும் பூஞ்சையையும் அகற்றச் சொன்னதே தவிர, எண்ணிக்கையில் வரம்பு தரவில்லை. அப்படியிருக்க, அறிக்கையில் எவ்வளவு பெரிய எண் வந்தாலும் அதை எதோடு ஒப்பிடுவது என்று நீதிபதி கேட்பார். நம் பக்கம் ஐப்பசியில் குறுவை அறுவடை, நனைந்த வைக்கோல், மட்கும் சருகு என்று வெளிக்காற்றிலேயே வித்து ஏராளம். அதே நேரத்தில் வெளியிலும் மாதிரி எடுக்காத அறிக்கையை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

உங்களுக்குத் தேவை ஒரு சிவில் இன்ஜினியர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளாக வருகிறது என்பதை அவர் பார்த்து எழுதித் தர வேண்டும். காரைச் சுவராகக் கட்டிய பல பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தெருவில் ரோட்டின் மேல் ரோடாகப் போட்டு வீட்டுத் தரை பள்ளமாகிப்போன இடங்களில் மழைத் தண்ணீர் சுவரடியிலேயே தேங்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி ஈரமும் மேலே வரும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும். கீழிருந்து ஏறி ஒரு மட்டத்தில் நிற்கிறதா, மொட்டைமாடியிலிருந்து இறங்குகிறதா, சுவருக்குள் போகும் குழாய் கசிகிறதா என்று தரையிலிருந்து ஒவ்வோர் அடி உயரத்திலும் ஈரமானியை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். சுவரில் பூத்திருக்கும் வெள்ளையெல்லாம் பூஞ்சை இல்லை. தண்ணீர் தெளித்தால் கரைவது உப்பு. அறிக்கையில் இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இன்ஜினியரிடம் இன்னொன்றும் கேளுங்கள். என் கணிப்பில் இதுதான் வழக்கின் உயிர். பலகைக்குப் பின்னால் புது பெயின்ட் இருக்கிறதா? மற்ற இடமெல்லாம் பெயின்ட் அடித்துவிட்டு அந்தச் சுவரை மட்டும் அடிக்காமல் பலகையால் மூடியிருந்தால், சுவரின் நிலை தெரிந்தேதான் மூடினார் என்று வாதாட அது வலுவான ஆதாரம். பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பட்டியை (புட்டி) உரித்தால் அடியில் பழைய கறை இருக்கிறதா, திருகாணி துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

ஏன் என்றால் சட்டம் அங்கேதான் நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55(1)(அ)-இன்படி, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் புலப்படாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவின் கடைசியில் இருக்கிறது. விற்றவர் பிடித்துக்கொள்ளப்போவது அந்தச் "சாதாரணக் கவனம்" என்ற சொற்களை. "புது பெயின்ட் வாசம் அடிக்கும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா, ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்திருக்கலாமே" என்பார். வெறும் பெயின்ட் மட்டும் இருந்திருந்தால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு.

ஆனால் உங்கள் வீட்டில் பலகை இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்று தனியாகவே சொல்கிறது. கவனித்திருந்தால் தெரிந்திருக்குமே என்று பிரிவு 19-இல் வரும் விதிவிலக்கு, தவறான தகவலுக்கும் பேசாமல் இருந்த மோசடிக்கும்தான். மூடி மறைத்தவர் அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது. "அழகுக்குப் போட்டது" என்று வாயால் சொன்னதும் உங்களுக்குச் சாதகம். அப்போது கூட யார் இருந்தார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். "திருப்தியடைந்து" என்ற வரிக்காகவும் பயப்பட வேண்டாம். கண்ணில் பட்ட குறைகளுக்கு அது உங்களைக் கட்டுப்படுத்தலாம், பலகைக்குப் பின்னால் இருந்ததற்குக் கேடயம் ஆகாது.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல சாட்சி, ஆனால் தெருவில் பேசுவது வேறு, கூண்டில் ஏறுவது வேறு. அவரை நெருக்காதீர்கள். பலகை அடித்த ஆசாரி, பெயின்ட் அடித்தவர், முன்பு குடியிருந்த வாடகைக்காரர் யாராவது கிடைத்தால் அவர்களிடமும் பேசுங்கள். விற்றவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். போட்டோ, வீடியோ எடுத்த போனையும் விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய அதிநியம் 2023 (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63-இன்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

கழற்றிய பலகையையும் திருகாணியையும் பத்திரப்படுத்திவிட்டு, வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாளுக்குள் அவர் தன் இன்ஜினியரோடு வந்து பார்க்கலாம் என்று அதில் அழைப்பு இருக்கட்டும். அப்புறம் சுவரைச் சரிசெய்யுங்கள். கை கட்டி உட்கார்ந்து சேதத்தை வளரவிட்டால் அந்தக் கூடுதல் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-இன் விளக்கம் அதைத்தான் சொல்கிறது. நோட்டீஸுக்கு அவர் மசியவில்லை, வழக்குத்தான் என்றால், முழு வேலையையும் தொடங்கும் முன்பே தாக்கல் செய்து, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9-இன்கீழ் அட்வகேட் கமிஷனர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) கேட்டு மனுப் போடுங்கள். இன்ஜினியர் துணையோடு அவர் வந்து பார்ப்பார். காற்றுச் சோதனை உண்மையிலேயே தேவைப்பட்டால் விதி 10அ-இன்படி அறிவியல் ஆய்வுக்கும் நீதிமன்றமே உத்தரவிடலாம், இரு தரப்புக்கும் பொதுவாக. கார்த்திகை, மார்கழிக்குள் இது நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் கமிஷனர் வந்தால் சுவர் காய்ந்து கிடக்கும், விற்றவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

பணம் கிடைக்குமா என்றால், கிரயத்தையே ரத்து செய்து 34 லட்சத்தையும் வாங்குவது சட்டப்படி கேட்கக்கூடியதுதான், நடைமுறையில் கடினம். குடியேறி, மாற்றங்களும் செய்துவிட்ட பிறகு நீதிமன்றம் தயங்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டியிருப்பீர்கள், அதையும் அவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஓதத் தடுப்பு, பூச்சு வேலை, அந்த நாட்களில் வெளியில் தங்கிய வாடகை ஆகியவற்றை இழப்பீடாகக் கேட்பதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. பையனின் மருத்துவச் செலவையும் சேருங்கள், ஆனால் வழக்கை அதன்மேல் நிறுத்தாதீர்கள். ஓதமான வீட்டில் இழுப்பு அதிகமாகும் என்பது மருத்துவம் ஏற்றது. இந்தக் குழந்தைக்கு இந்தச் சுவரால்தான் வந்தது என்று நிரூபிப்பது வேறு வேலை.

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். மோசடியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருஷம் காலக்கெடு உண்டு. நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-இல் அழையுங்கள். வழக்குக்கு முன்பே அந்தக் குழுவினர் உங்களையும் விற்றவரையும் அழைத்துச் சமரசம் பேச வைப்பார்கள். இந்த மாதிரி விவகாரத்துக்கு அது நல்ல வழி.

தன் பழைய வீட்டை விற்ற தனிநபர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. நாளைக்கு நீங்கள் அமர்த்தும் ஓதத் தடுப்பு ஒப்பந்தக்காரர் சொதப்பினால் அங்கே போகலாம். அதனால் வேலையை எழுத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள்.

போலீஸைப் பொறுத்தவரை, பாரதிய நியாய சன்ஹிதாவில் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) ஏமாற்றுக் குற்றத்துக்குப் பிரிவு 318 இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் "சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், சிவில் தகராறுக்குக் குற்ற வழக்குச் சாயம் பூசுவதை உச்ச நீதிமன்றமும் பலமுறை கண்டித்திருக்கிறது. இன்ஜினியர் அறிக்கையும் ஆசாரியின் வாக்குமூலமும் கைக்கு வந்த பிறகு அதை யோசிக்கலாம். இந்த வாரம் இன்ஜினியரைப் பாருங்கள்.