மான்ஸ்டெரா குருத்து கருகுது, என்ன டானிக் அடிக்கலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. சென்னை பெருங்குடில ஃபிளாட்ல இருக்கோம். ஆன்லைன்ல ஒரு மான்ஸ்டெரா செடி வாங்குனேன், வந்தப்ப நாலு இலை, நல்ல பச்சை. எட்டு இஞ்ச் தொட்டிக்கு மாத்தி கோகோபீட், மண்புழு உரம், பெர்லைட் (வெள்ளையா லேசா இருக்கற கல் பொரி) கலந்து ரெடிமேடா விக்கிற மிக்ஸ் போட்டேன். இன்டோர் செடிக்கு மண்ணே ஆகாதுன்னு கடைல சொன்னாங்க. பழைய இலை நாலும் இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கப்புறம் வந்த மூணு குருத்தும் நுனி கருகி, ஓரம் சுருங்கி, சின்னதா வருது. ஒண்ணு உறைக்குள்ளயே மாட்டிக்கிட்டு கிழிஞ்சே போச்சு. ஆர்ஓ தண்ணிதான் ஒண்ணு விட்டு ஒரு நாள் ஊத்துறேன். வாரம் ஒரு தடவை 19:19:19 ஸ்ப்ரே, யூடியூப் பாத்து எப்சம் சால்ட்டும் குடுத்தேன். செடி ஹால்ல இருக்கு, ஜன்னல்ல இருந்து ஆறடி, ராத்திரி பூரா ஏசி ஓடும். கடைக்காரர் கடற்பாசி டானிக், மைக்ரோ நியூட்ரியண்ட், லீஃப் ஷைன் மூணும் சேர்ந்த கிட் ஒண்ணு வாங்கச் சொல்றார். எதை அடிச்சா புது இலை நல்லா வரும்? அடுத்த குருத்து இப்ப எட்டிப் பாக்குது, மாட்டிக்கிட்டா கையால பிரிச்சு விடலாமா? மான்ஸ்டெரா இலைக்கு அழகே பொத்தல்தான், அதுவும் விழவே இல்ல.

பதில்: அம்மணி, மொதல்ல கையை எடுங்க. குருத்தப் பிரிக்க வேண்டாம். அது உள்ள சுருண்டிருக்கறப்ப ஈரக் காகிதம் மாதிரிதான், நகம் பட்ட இடமெல்லாம் விரிஞ்சப்புறம் தழும்பா நிக்கும். ரொம்ப மாட்டுச்சுன்னா ஈரப் பஞ்ச உறை மேல சுத்தி கொஞ்ச நேரம் விடுங்க, அதுவா வழுக்கிட்டு வரும். வரலைன்னா அந்த இலை போனா போகுதுன்னு விட்டுருங்க.

எதை அடிக்கறதுன்னா, எதையும் அடிக்க வேண்டாம். நீங்க எழுதுனதுலயே பதில் இருக்குதுங்க, பழைய இலை நல்லா இருக்கு, குருத்து மட்டும் கருகுதுன்னு சொல்லீருக்கீங்க பாருங்க, அதுதான். தழைச்சத்து, மெக்னீசியம், சாம்பல் சத்துங்கற பொட்டாசியம் இதெல்லாம் பத்தலைன்னா செடி பழைய இலையில இருந்து உருவி குருத்துக்குக் குடுத்துக்கும், அதனால அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும். கால்சியத்துக்கு அந்த வேலை ஆகாது. ஒரு இலைக்குப் போன கால்சியம் போனதுதான், திரும்பி வராது. மான்ஸ்டெரா நம்ம சேனை, சேம்பு, கருணைக்கு சொந்தக்காரச் செடி, அறுத்தா கை அரிக்குமில்ல, அந்த அரிப்புக்குக் காரணமே கால்சியத்த ஊசி ஊசியா ஆக்ஸலேட்டா இலையில கட்டி வச்சிருக்கறதுதான். அப்பிடிக் கட்டுனத அவுத்துக் குருத்துக்கு அனுப்பாது. ஆக ஒவ்வொரு புது இலைக்கும் வேர்ல இருந்து புதுசா கால்சியம் ஏறி வரணும். வரல, அதான் நுனியும் ஓரமும் கருகுது. தக்காளில அடி அழுகறது, கடலைல பொக்கா விழறது எல்லாம் இந்தக் கணக்குதான். கடலைக்கு 40-45 நாள்ல மண் அணைக்கறப்ப ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடறாங்களே, அது காய்க்குக் கால்சியம் குடுக்கத்தான்.

இப்ப நீங்க செஞ்சதப் பாருங்க. 19:19:19ங்கறது தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கற உரம், அதுல கால்சியம் ஒரு துளி கிடையாது. ஆர்ஓ மிஷின் தண்ணில இருந்த கால்சியத்தயும் பிடிச்சு வெளிய தள்ளீருச்சு. எப்சம் சால்ட்டுங்கறது மெக்னீசியம் சல்பேட், அது வேர்கிட்ட கால்சியத்தோட இடத்துக்குப் போட்டி போடும், இருக்கற கொஞ்சத்தயும் ஏற விடாது. யூடியூப்ல எந்தச் செடிக்கு என்ன வந்தாலும் எப்சம் சால்ட்டுன்னு சொல்றவங்கள ஒரு நாள் பிடிச்சு உக்கார வச்சுப் பேசணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. கடற்பாசி டானிக் விஷமில்ல, ஆனா இந்த நோய்க்கு அது மருந்தும் இல்ல. அப்பறம் சுருண்டிருக்கற குருத்து மேல என்ன அடிச்சாலும் உள்ள போகாது, விரிஞ்ச இலை மேல விழுந்த கால்சியம் குருத்துக்கும் போகாதுங்க.

சரி, நீங்க கேக்காம விட்டதுக்கு வர்றேன். தொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டிருக்கணும் நீங்க. எனக்கு மொத்தக் கோவமும் அந்த ரெடிமேட் மிக்ஸ் மேலதான்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்து ஆளு. இங்க ரோட்டோரம் எங்க பாத்தாலும் தேங்கா மட்டை மலை மாதிரி கிடக்கும், நார் உருவுனது போக மிச்சம் விழற தூள்தான் உங்க கோகோபீட். மட்டைல இயல்பாவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்பு நிறைய இருக்கு, கடலோரத்துல உப்புத் தண்ணில ஊறப்போட்ட மட்டைன்னா இன்னும் ஜாஸ்தி. தண்ணி விட்டுக் கழுவுனா தளர்வா இருக்கற உப்பு வடிஞ்சிரும், கரைஞ்ச உப்ப அளக்கற ஈசி மீட்டர்ல நம்பர் எறங்கும், உடனே பாக்கெட் மேல வாஷ்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டீருவாங்க. ஆனா தூளோட ஒட்டிப் பிடிச்சிருக்கற பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணிக்கு வராதுங்க. அத வெளிய தள்ளணும்னா கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊறப்போடணும், கால்சியம் உள்ள போயி ஒட்டிக்கிட்டு மத்தத வெளிய தள்ளும், அப்பறம் கழுவணும். இதுக்குப் பேருதான் பஃபரிங். வெளிநாட்டுக்காரன் வாங்கறப்ப ஈசி இவ்வளவுதான் இருக்கணும், பஃபர் பண்ணிருக்கணும்னு எழுதி வாங்கறான், அவனுக்கு அதச் செஞ்சு அனுப்பறாங்க. நம்மூர்க்காரங்க யாரும் கேக்கறதில்ல, அதனால நமக்கு வர்றது பெரும்பாலும் சும்மா அமுக்கிக் கட்டுன கட்டிதான்.

அப்பிடி பஃபர் பண்ணாத தூள்ல செடி வச்சீங்கன்னா என்ன ஆகும், நீங்க ஊத்தற கொஞ்ச நஞ்சக் கால்சியத்தயும் அந்தத் தூள் மொதல்ல தனக்குப் பிடிச்சு வச்சுக்கிட்டு பதிலுக்கு பொட்டாசியத்தயும் சோடியத்தயும் வேர்கிட்ட விடும். அதாவது தொட்டியே செடிகிட்ட இருந்து திங்குது. இதுல ஆர்ஓ தண்ணி வேற, பிடிச்சு வைக்கக்கூட ஒண்ணும் இல்ல.

இன்டோருக்கு மண்ணு ஆகாதுன்னு கடைல சொன்னாங்களே, அது செடிக்காகச் சொன்னதில்ல அம்மணி, கூரியர் சார்ஜுக்காகச் சொன்னது. அஞ்சு கிலோ கோகோபீட் கட்டி ஒண்ணு தண்ணில போட்டா எழுபது லிட்டருக்கு மேல ஊதிப் பெருகும், அவ்வளவு செம்மண்ண யாரு பார்சல் அனுப்பறது? மண்ணு சுமை, தூள் லேசு, அதுதான் விஷயம். மான்ஸ்டெரா மெக்சிகோ தெற்குல இருந்து பனாமா வரைக்கும் காட்டுல மரத்தப் பிடிச்சு ஏறற கொடி, அது கீழ வேர் விட்டு நிக்கறது மண்ணுலயும் இலைச் சருகுலயும்தான். களிமண்ணு கூடாது, அது வாஸ்தவம். ஒரு பங்கு செம்மண்ணு சேத்தா அதுக்கு ஒண்ணும் ஆகீராது, இன்னும் சொல்லப்போனா தாங்கிப் பிடிக்கும்.

இப்ப என்ன செய்யறதுன்னா, தொட்டிய பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி ஒரு பக்கெட் தண்ணிய, பன்னண்டு லிட்டர் இருக்கட்டும், மெதுவா மெதுவா மேல இருந்து ஊத்தி அடில முழுசா வடிய விடுங்க. தொட்டில அடில ஓட்டை இருக்குதில்ல? அழகுத் தொட்டின்னு ஓட்டையே இல்லாததுல வச்சிருந்தீங்கன்னா இதுவரைக்கும் நான் எழுதுனதெல்லாம் வீண், மொதல்ல தொட்டிய மாத்துங்க. வடிஞ்சப்பறம் சொட்டு நீர்ப் பாசனத்துல விடற கால்சியம் நைட்ரேட் இருக்கு, உரக்கடைல சின்ன பாக்கெட்டாவும் கிடைக்கும், லிட்டருக்கு ஒரு கிராம் கரைச்சு தொட்டி நனையற அளவுக்கு ஊத்துங்க, பத்து நாள் கழிச்சு மறுக்கா, அப்பறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போதும். வேர்ல ஊத்தறதுங்க, இலைல அடிக்கறதில்ல. 19:19:19ஐயும் இதயும் ஒரே நாள் ஒரே தண்ணில கலக்கக் கூடாது, கலந்தா வெள்ளையா திரிஞ்சு அடில உக்காந்துக்கும், எப்சம் சால்ட்டோட கெட்டியா கலந்தாலும் ஜிப்சமா மாறி உக்காந்துரும். எப்சம் சால்ட்டத் தூக்கிப் பரண்ல போடுங்க.

முட்டை ஓட்ட அரைச்சுப் போடலாமான்னு அடுத்த லெட்டர் வரும்னு தெரியும். போடுங்க, கெடுதல் இல்ல, ஆனா அது கரைஞ்சு வேருக்குக் கிடைக்கறதுக்குள்ள நீங்க வீடே மாறீருப்பீங்க.

தண்ணி விஷயம். முழுக்க ஆர்ஓ வேண்டாம், ஆர்ஓ மிஷின்ல இருந்து வெளிய தள்ற கழிவுத் தண்ணி அதவிட வேண்டாம், அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி. தண்ணில கரைஞ்ச உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க, பேனா சைஸ்லதான் இருக்கும். உங்க பக்கம் போர் தண்ணி ஆயிரத்தத் தாண்டற இடமும் உண்டு, அதுக்குத் தகுந்த மாதிரி ஆர்ஓ தண்ணி கலந்து 200-300க்குக் கொண்டு வந்து ஊத்துங்க. அதே மீட்டர தொட்டி அடில வடியற தண்ணிலயும் வச்சுப் பாருங்க, உள்ள போனதவிட வெளிய வர்றது பல நூறு ஜாஸ்தி காட்டுச்சுன்னா உங்க மிக்ஸோட லட்சணம் அதுதான், இன்னொரு பக்கெட் ஊத்துங்க.

ஒண்ணு விட்டு ஒரு நாள்னு கேலண்டர் பாத்து ஊத்தற பழக்கத்த விடுங்க. கோகோபீட் மேல காஞ்ச மாதிரி ஏமாத்தும், விரல ரெண்டு இஞ்ச் உள்ள விட்டா சொதசொதன்னு இருக்கும். இதுல இன்னொண்ணு இருக்கு, கால்சியத்த உறிஞ்சறது இளசான வேர் நுனி மட்டும்தான். முழு வேரும் இல்ல. ஊறி மூச்சு முட்டி நுனி கறுத்துப் போச்சுன்னா தொட்டில கால்சியம் கொட்டிக் கிடந்தாலும் ஏறாது. தொட்டிய சாய்ச்சு செடிய மெதுவா உருவிப் பாருங்க, வெள்ளையா நுனி தெரிஞ்சா அப்பிடியே திருப்பி வச்சிருங்க. பழுப்பா, தொட்டா தோல் உரிஞ்சு வந்துச்சுன்னா அழுகுனத வெட்டிட்டு மிக்ஸ மாத்தியே ஆகணும். அதுக்கு கோகோபீட் தூளக் கம்மி பண்ணி தென்னை மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, பெர்லைட் இல்லைன்னா செங்கல் துண்டு, ஒரு பங்கு செம்மண்ணு, ரெண்டு கை மண்புழு உரம், இப்பிடிச் சேருங்க. தூளும் மட்டைத் துண்டும் எந்தக் கடைல என்ன ஸ்டிக்கர் ஒட்டி வாங்குனாலும் 650 கிராம் கட்டிக்கு பதினஞ்சு கிராம் கால்சியம் நைட்ரேட் போட்டு, அஞ்சு லிட்டர் தண்ணில ஒரு ராத்திரி ஊற வச்சு, பிழிஞ்சு, ரெண்டு தடவை அலசிட்டு அப்பறம் கலங்க. பஃபர்டுன்னே எழுதி இருந்தாலும் செய்யுங்க, எனக்கு அவங்க மேல நம்பிக்கை இல்ல.

ஏசிக்கு வர்றேன், இத யாரும் சொல்லித் தர்றதில்ல. கால்சியம் தண்ணியோட தண்ணியா மேல ஏறும், எந்த இலை ஜாஸ்தி ஆவி விடுதோ அங்க போகும். விரிஞ்ச பெரிய இலை ஆவி விடும், சுருண்ட குருத்து விடாது, அதனால பகல்ல எல்லாம் பழைய இலைக்கே போயிருது. ராத்திரி காத்துல ஈரம் இருந்து இலை ஆவி விடறது நின்னாத்தான் வேர் தள்ற அழுத்தத்துல தண்ணி குருத்து வரைக்கும் எட்டும், விடியால இலை நுனில முத்து முத்தா சொட்டு நிக்குமே அது அந்த அழுத்தத்துலதான். நீங்க ராத்திரி பூரா ஏசி போட்டு ஈரத்த எல்லாம் உறிஞ்சிட்டா குருத்துக்கு இருந்த ஒரு வாய்ப்பும் போச்சு. சென்னைல காத்துல ஈரத்துக்கா பஞ்சம், ஜன்னலத் தொறந்தா போதும். செடிய ஏசி இல்லாத ரூம்ல கிழக்கு ஜன்னல்ல இருந்து ரெண்டடில வையுங்க. மேல தண்ணி ஸ்ப்ரே அடிக்கறது அஞ்சு நிமிசத்துல காஞ்சு போற சமாசாரம், அதுக்கு வேலை மெனக்கெட வேண்டாம்.

பொத்தல் விழறது வயசும் வெளிச்சமும் பொறுத்தது. நாலஞ்சு இலைச் செடில பொத்தல் வராது, ஆறடி தள்ளி இருட்டுல வச்சா எப்பவுமே வராது. அதுக்கு மருந்து கிடையாதுங்க, மருந்து இருக்குன்னு எவனாவது சொன்னா அவன் கடைப் பக்கம் போகாதீங்க.

கிட் வாங்காதீங்க. அதுல இருக்கற லீஃப் ஷைன் சுத்தமா தேவையில்லாதது, எண்ணெய்ப் பசை, தூசிய இழுத்து ஒட்டிக்கும். ஈரத்துணியால வாரம் ஒருக்கா துடைங்க. துடைக்கறப்ப இலைக்கு அடில வெள்ளி பூசுன மாதிரி திட்டும் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளியும் இருக்கான்னு கவனிங்க, குருத்துக்கு அடில வெள்ளைப் பேப்பர் பிடிச்சு தட்டிப் பாருங்க, மயிரிழை மாதிரி ஏதாவது நகந்துச்சுன்னா அது இலைப்பேன். அதுவும் குருத்தக் கோணலாக்கும். இருந்தா செடிய ஷவர்ல நல்லா கழுவிட்டு வேப்பெண்ணெய் லிட்டருக்கு மூணு மில்லி, கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து சாயந்திரமா இலைக்கு அடில படற மாதிரி வாரத்துக்கு ஒண்ணுன்னு மூணு தடவை அடிங்க.

இப்ப எட்டிப் பாக்கற குருத்து ஏற்கனவே உள்ள உருவாகி முடிஞ்சது, அது கருகியேதான் வரும், அதப் பாத்துட்டு நான் சொன்னது பலிக்கலைன்னு திரும்பவும் கிட் வாங்கக் கிளம்பாதீங்க. அதுக்கு அடுத்ததும் அதுக்கடுத்ததும்தான் கணக்கு. அதுவும் கருகுச்சுன்னா இலைப் போட்டோ வேண்டாம், செடிய உருவி வேர் தெரியற மாதிரி ஒரு போட்டோ, கூடவே ஊத்தற தண்ணி, வடியற தண்ணி ரெண்டோட டிடிஎஸ் நம்பர் எழுதி அனுப்புங்க.