சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துவிட்டதா?

கேள்வி: சபையில் இளைஞர்களுக்கு வேதபாடம் நடத்துகிறேன். "யூதர்களும் இதே பழைய ஏற்பாட்டைத்தானே வாசிக்கிறார்கள்? பிறகு ஏன் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை? தேவன் அவர்களைத் தள்ளிவிட்டாரா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்லலாம்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுங்கள். அதற்குப் பவுலே பதில் எழுதிவைத்திருக்கிறார். ரோமர் 11ஐ முழு அதிகாரமாக வாசிக்க வையுங்கள். தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று முதல் வசனத்திலேயே கேட்டு, இல்லை என்கிறார். ஒலிவமர உவமை 17ஆம் வசனத்தில் வருகிறது. முறிக்கப்பட்ட கிளைகளோடு, அதாவது விசுவாசியாத யூதரோடு, வாசிப்பை நிறுத்திவிடுவதால்தான் கோளாறு. வேர்தான் உன்னைச் சுமக்கிறது, பெருமை பாராட்டாதே என்று புறஜாதி விசுவாசியை 18ஆம் வசனம் எச்சரிக்கிறது. அவிசுவாசத்தில் நிலைத்திராவிட்டால் முறிந்தவையும் திரும்ப ஒட்டப்படும் என்கிறது 23. தேவனுடைய வரங்களும் அழைப்பும் மாறாதவை என்பது 29. சபை இஸ்ரவேலின் இடத்துக்கு வந்துவிட்டது என்ற போதனை பல நூற்றாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது, இன்றும் சிலர் அதைப் போதிக்கிறார்கள். இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அதை நிலைநிறுத்துவது கடினம். கத்தோலிக்க சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் இதே பகுதியைச் சுட்டி, யூதரைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக் கூடாது என்று அறிவித்தது.

"இதே பழைய ஏற்பாடு" என்பது பாதி சரி. சீர்திருத்த சபைகளின் 39 புத்தகங்களும் யூதர்களின் 24ம் உள்ளடக்கத்தில் ஒன்றே. அவர்கள் சாமுவேல், ராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றையும் ஒரே நூலாகவும், எஸ்றா நெகேமியாவைச் சேர்த்தும், சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிரண்டையும் ஒன்றாகவும் எண்ணுகிறார்கள். வரிசைதான் பெரிய வேறுபாடு. நம்முடையது எலியாவின் வருகையைச் சொல்லும் மல்கியாவில் முடிகிறது, பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு. அவர்களுடையது வழக்கமாக நாளாகமத்தில், எருசலேமுக்குப் போகலாம் என்ற பெர்சிய ராஜா கோரேசின் கட்டளையோடு முடிகிறது. தானியேல்கூட அங்கே தீர்க்கதரிசிகளின் பகுதியில் இல்லை.

மேசியா விஷயத்தில், யூதர்கள் கண்மூடிக்கொண்டார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மேசியா தேவாலயத்தைக் கட்டுவார், சிதறியவர்களைக் கூட்டிச் சேர்ப்பார் என்று 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ் அடையாளங்களை வகுத்தார். ஏசாயா 2:4 சொல்லும் யுத்தமில்லாத உலகம் இன்னும் வரவில்லையே என்பது அவர்கள் வாதம். கிறிஸ்தவர்கள் அதை இரண்டாம் வருகையில் எதிர்பார்க்கிறார்கள். பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53ஐ எடுக்குமுன் 41:8, 44:1, 49:3 வசனங்களை வாசியுங்கள். அங்கே தாசன் இஸ்ரவேல்தான். ராஷி போன்ற யூத உரையாசிரியர்கள் 53ஐயும் அப்படியே கொண்டார்கள். அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு அதை இயேசுவுக்குப் பொருத்துகிறார். இரண்டையும் எடுத்துவைத்த பிறகு சபையின் விசுவாசத்தைச் சொன்னால், கேட்பவர்களுக்கு அதன் பொருள் இன்னும் தெளிவாகும்.

இன்னொரு வழக்கமான தவறு, யூதமார்க்கம் கிரியையால் மீட்பு தேடுகிறது என்பது. யாத்திராகமம் 20:2ஐப் பாருங்கள்: எகிப்திலிருந்து விடுதலை முதலில், கட்டளைகள் பிறகு. பலியும் இப்போது இல்லை. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் ஜெபம், மனந்திரும்புதல், தர்மம் ஆகியவற்றுக்கே ரபீமார் முதலிடம் கொடுத்தார்கள்.