தோழிகள் ஒதுக்கிவிட்ட மகளுக்கு என்ன செய்வது?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளைத் தோழிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், அந்தப் பெண்களின் அம்மாக்களிடம் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அம்மா பஞ்சாயத்துக்கு வந்தாள் என்பதே அவளைக் கேலி செய்ய அடுத்த காரணமாகிவிடும். மிரட்டலோ, படம் பரப்புவதோ நடந்தால் மட்டும் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் போங்கள்.

அவளை ஒதுக்கிய பெண்கள் வகுப்பில் செல்வாக்கு உள்ளவர்களாக இருக்கலாம். ஆனால் செல்வாக்கு உள்ளவர்கள் வேறு, எல்லோருக்கும் மனதாரப் பிடித்தவர்கள் வேறு. உளவியலாளர்களும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழு 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயதுவரை கவனித்து, 2014-ல் முடிவுகளை வெளியிட்டது. சின்ன வயதிலேயே பெரியவர்கள்போல நடந்து 'கெத்து' காட்டியவர்களின் மவுசு சில வருடங்களில் கரைந்தது. பின்னாளில் நட்பிலும் குடிப்பழக்கத்திலும் அவர்களுக்கே அதிகச் சிக்கல்.

ஆனால் இதை இன்று அவளிடம் சொல்லாதீர்கள், ப்ளீஸ். வலிக்கும்போது ஆய்வு எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், போதும். அப்புறம், அந்தக் கும்பலுக்கு வெளியே அவள் இயல்பாகப் பேசுகிற ஒருத்தியாவது இருப்பாள். அவளை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.