தவளைக்குத் தாகம் எடுத்தால்

அன்புள்ள ஐயா,

தோல் பற்றிய உங்கள் கட்டுரையில், தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது என்று ஒரு வரி வந்தது. அதை வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி உடனே கேட்டாள்: "அப்படியென்றால் நாள் முழுக்கக் குளத்தில் கிடக்கும் தவளை ஏன் ஊதிப்போய் வெடிப்பதில்லை?" வந்த தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எனக்கே ஒரு சந்தேகம். சவ்வூடு பரவலால் தண்ணீர் தானாக உள்ளே வருகிறது என்றால், உடலின் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனுக்கு அங்கே என்ன வேலை? பாடப்புத்தகத்தில் ஹார்மோன் கதை மனிதச் சிறுநீரகத்தோடு முடிந்துவிடுகிறது.

– ஓர் உயிரியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் சமாளிக்கவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நன்னீரில் இருக்கும் தவளைக்கு உடலுக்குள் உப்பு அதிகம், வெளியே மிகக் குறைவு. உப்பு அதிகமுள்ள பக்கத்தை நோக்கித் தண்ணீர் சவ்வு வழியே நகர்வதுதான் சவ்வூடு பரவல் என்பதால், தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிறுநீரகமும் அதை நீர்த்த சிறுநீராக இறைத்துக்கொண்டே இருக்கும். ஹார்மோனின் முக்கியமான வேலை தவளை கரையேறிய பிறகுதான் தொடங்குகிறது.

"தானாக" என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சவ்வூடு பரவல் முடிவு செய்கிறது. எவ்வளவு வேகமாகப் போகும் என்பது தோலின் கையில் இருக்கிறது. 1921இல் புரூன் என்பவர் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் தவளைகளுக்குச் செலுத்தித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். எடை ஏறியது. தண்ணீர் மாறவில்லை, உடல் அதை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுதான் மாறியது. இதை இன்றும் புரூன் விளைவு என்றே சொல்கிறார்கள்.

தவளையின் உடலில் இந்த வேலையைச் செய்யும் ஹார்மோன் வாசோடோசின். 9 அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. நம் உடலில் சிறுநீரைக் குறைக்கும் வாசோப்ரெசினுக்கும் இதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரசவத்தில் கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனின் வளையப் பகுதியையும் வாசோப்ரெசினின் வால் பகுதியையும் ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, 1958இல் வேதியியலாளர் து விக்னோவின் ஆய்வகத்தில் வாசோடோசினைச் செயற்கையாகச் செய்தார்கள். விலங்குகளின் உடலில் இது ஏற்கெனவே இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரியவந்தது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நம் சிறுநீரகம் ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவான சிறுநீரை உண்டாக்கும். தவளையின் சிறுநீரகத்துக்கு அந்தத் திறமை கிடையாது. எவ்வளவு வறண்டாலும் ரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை அதனால் உண்டாக்க முடியாது. அதனால் வாசோடோசின் அங்கே செய்யக்கூடியது முக்கியமாக ஒன்றுதான்: ரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகளுக்குப் போகும் நுண்ணிய நாளங்களைச் சுருக்கி, சிறுநீர் உற்பத்தியையே குறைப்பது. நம் உடலில் சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய் செய்யும் தண்ணீர் மீட்பைத் தவளை தன் வயிற்றுத் தோலிலும் சிறுநீர்ப்பையிலும் செய்துகொள்கிறது.

வயிற்றுத் தோல் என்று பொதுவாகச் சொன்னாலும், விஷயம் நடப்பது பின்னங்கால்களுக்கு இடையே உள்ள அடிவயிற்றுப் பகுதியில். வறண்டுபோன தேரை ஒன்றைக் கவனித்தால் தெரியும். ஈரமான இடத்துக்கு வந்ததும் பின்னங்கால்களை அகட்டி, அந்தப் பகுதியைத் தரையோடு அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். முதலில் சற்றே தொட்டுப் பார்ப்பதும் உண்டு. ஈரத்தில் உப்பு அதிகம் என்றால் உடலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். பாலைவனத் தேரை ஒன்றில் அளந்தபோது, உடற்பரப்பில் சுமார் 10 சதவீதமே உள்ள இந்தப் பகுதி, உறிஞ்சிய தண்ணீரில் சுமார் 70 சதவீதத்தை உள்ளே எடுத்தது.

அந்தச் செல்களுக்குள் அக்வாபோரின் என்ற நீர்வழிப் புரதங்கள் நுண்பைகளில் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. வாசோடோசின் வந்து செல்லின் ஏற்பியில் பட்டதும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு கூடுகிறது. நுண்பைகள் மேல்சவ்வுக்கு நகர்ந்து அதோடு இணைகின்றன. தண்ணீர் பாய்கிறது. ஹார்மோன் குறைந்தால் புரதங்கள் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. உங்கள் பாடப்புத்தகத்தில் சேகரிப்புக் குழாய்க்கு வரைந்திருக்கும் படத்தை இடம் மாற்றி இங்கே ஒட்டினால் போதும்.

சிறுநீர்ப்பையை நாம் கழிவுத் தொட்டியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். தேரைக்கு அதுதான் குடிநீர்க் குடம். வறண்ட நிலத்தில் வாழும் சில இனங்களில் அது உடல் எடையில் பாதிவரை கொள்ளும். ஆஸ்திரேலியாவின் நீர்தேக்கித் தவளையை மண்ணிலிருந்து தோண்டியெடுத்துப் பிழிந்து அங்குள்ள பழங்குடியினர் தாகம் தணித்துக்கொண்டது இந்த நீரால்தான். வறட்சி வந்ததும் வாசோடோசின் பையின் சுவரைத் திறந்துவிட, நீர் மறுபடி ரத்தத்துக்குப் போகிறது. தேரையின் இந்த மெல்லிய பையை ஆய்வுமேசையில் விரித்து வைத்துத்தான் நம் சிறுநீரகத்தைப் பற்றியே நிறைய கற்றுக்கொண்டார்கள். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சோடியம் கடத்தலைக் கூட்டுகிறது என்று 1961இல் கிராபே என்ற ஆய்வாளர் காட்டியதும் இதில்தான். தவளைக்கு அந்த ஹார்மோன் வேறு வகையிலும் அவசியம். நன்னீரில் உடலிலிருந்து உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும், அதைத் தோல் வழியாக மீட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹைட்ரின் என்ற இன்னொரு ஹார்மோன். வாசோடோசின் உருவாகும் அதே முன்வடிவப் புரதத்தை முழுவதும் செதுக்காமல் விட்டால் கிடைப்பது இது. தோலிலும் சிறுநீர்ப்பையிலும் வேலை செய்யும், சிறுநீரகத்தைத் தொடாது. அதாவது சிறுநீர் உற்பத்தியைக் குறைக்காமலேயே தண்ணீரை உள்ளே எடுக்கச் சொல்ல ஒரு தனி உத்தரவு. இருவாழ்விகளிடம் கண்டறியப்பட்ட இப்படியொரு ஏற்பாடு நம்மிடம் இல்லை.

தாகமும் உண்டு. தேரைக்கு ஆஞ்சியோடென்சின் செலுத்தினால், மேலே சொன்ன அந்த அகட்டி உட்காரும் செயலைச் செய்கிறது. நம்மைக் குடிக்கத் தூண்டும் அதே ஹார்மோன்.

எல்லாத் தவளைக்கும் இதே கதை என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். ஏறக்குறைய வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் ஆப்பிரிக்க நகத்தவளையின் தோல் வாசோடோசினை அனேகமாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதன் சிறுநீர்ப்பை வாசோடோசின் சொல்வதைக் கேட்கிறது. குளம் வற்றிச் சேற்றுக்குள் முடங்கும் மாதங்களில் அது உதவும்.